முரசு கரையும் வேகம்

மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையில் கேட்டாலும், ஐம்பதைத் தாண்டியவருக்குப் பல் ஆடினால் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வயசு. "வயசு போனாப் பல்லும் போகத்தானே" என்பார்கள் எழுவான்கரைக் கடை வாசலில். படுவான்கரை வயல் வரம்பிலும் அதே பேச்சுத்தான். நரையோடும் கண் மங்கலோடும் சேர்த்து எண்ணப்படும் ஒன்று பல்லாட்டம். நோய் என்று நினையாதபோது வைத்தியம் தேடவும் தோன்றாது. ஆட்டம் தாங்க முடியாத ஒரு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய், பல்லைக் கழற்றிவிட்டு வருவதோடு கதை முடிந்துவிடும்.

முரசு, அதாவது ஈறு, வயதால்தான் கரைகிறதா? இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து, மில்லிமீற்றர் கணக்கில் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் பாடப் புத்தகத்தில் அதைப் படிக்கிறார்கள். அது நடந்தது நமது தீவில். அளக்கப்பட்டவை தமிழ்த் தொழிலாளர்களின் வாய்கள்.

மூன்று வாரமும் பதினைந்து வருடமும்

ஹரால்ட் லோ (1926–2008) நோர்வேயில் பிறந்த பல் மருத்துவ ஆய்வாளர். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அவரும் கூட்டாளிகளும் ஓர் எளிய பரிசோதனை செய்தார்கள். முரசு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முதலாம் ஆண்டுப் பல் மருத்துவ மாணவர்கள். பல்லில் ஊத்தை படிந்தது. 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் முரசு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முரசு பழைய நிலைக்குத் திரும்பியது. முரசு அழற்சிக்குக் காரணம் பல்லில் ஒட்டும் கிருமிப் படலம்தான் என்பதும், அந்த அழற்சி முழுமையாக மாறக்கூடியது என்பதும் அன்று ஐயமில்லாமல் நிறுவப்பட்டன.

ஆனால் அழற்சி ஒரு கட்டம்; பல்லைத் தாங்கும் எலும்பு கரைவது அடுத்த கட்டம். அது வருடக் கணக்கில் நடப்பது. இருபது வருடம் பல் துலக்காதே என்று எந்த மாணவனிடமும் கேட்க முடியாது. ஏற்கெனவே அப்படி வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

1969இல் ஒஸ்லோ நகரில் 565 ஆண்களிடம் அளவெடுப்புத் தொடங்கியது. சிறு வயது முதல் பல் வைத்தியரிடம் முறையாகப் போய்வந்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு, 1970இல், இலங்கை மலையகத்தின் டன்சினன், ஹரோ என்ற இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களிடம் அதே அளவெடுப்பு நடந்தது. வயது 14 முதல் 31 வரை. பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ எந்தத் திட்டமும் இவர்களை எட்டியிருக்கவில்லை. வழக்கமாகப் பல் துலக்குவதும் இல்லை; பல் நிறைய ஊத்தையும் கல்லும் கறையும். அதேவேளை, சூத்தைப் பல் இவர்களிடம் ஏறக்குறைய இல்லை. ஆகவே இங்கே ஒரு பல் விழுந்தால் சூத்தையின் மேல் பழி போட வழியில்லை. முரசு நோய் மனிதத் தலையீடு எதுவுமின்றி என்ன செய்யும் என்பதைக் கலப்பில்லாமல் பார்க்கக் கிடைத்த இடம் அது.

லோவும் ஆகே ஆனெருட், ஹன்ஸ் பொய்சன் முதலிய கூட்டாளிகளும் 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். பல்லின் வேரைச் சுற்றி இழைகள் பற்றியிருக்கும் எல்லை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் அவர்கள் எடுத்த அளவு. அதைப் பற்றிழப்பு என்போம். நாற்பது வயதை நெருங்கும்போது ஒஸ்லோ ஆண்களின் சராசரிப் பற்றிழப்பு 1.5 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அது 4.5 மில்லிமீற்றர்.

சராசரியோடு நிறுத்தியிருந்தால் "துலக்கினால் நல்லது, துலக்காவிட்டால் கெட்டது" என்ற பழைய பாடத்தோடு முடிந்திருக்கும். 1986இல் வெளியான கட்டுரை அந்தச் சராசரியைப் பிரித்துக் காட்டியது. தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் முரசு அழற்சி இருந்தது. ஆனால் நோயின் வேகம் மூன்று விதம். 100 பேரில் 8 பேருக்கு அது பாய்ந்து சென்றது: 35 வயதில் சராசரி 9 மில்லிமீற்றர், 45 வயதில் 13 மில்லிமீற்றர் இழப்பு. பல வேர்களின் முழு நீளமே அவ்வளவுதான். 81 பேருக்கு மிதமான வேகம்: 35 வயதில் 4, 45 வயதில் 7 மில்லிமீற்றர். மீதி 11 பேருக்கு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை. 35 வயதில் அவர்களின் இழப்பு 1 மில்லிமீற்றருக்கும் குறைவு.

வயசுதான் காரணம் என்ற தீர்ப்பு இங்கேதான் உடைகிறது. ஒரே மலை, ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே உணவு, ஒரே அளவு ஊத்தை, ஒரே வயது. ஒருவருக்கு 35 வயதிலேயே பற்கள் ஆடுகின்றன. பக்கத்து லயத்துக்காரருக்கு எல்லாப் பல்லும் உறுதியாக இருக்கின்றன. வயது என்பது நோய்க்குக் கிடைத்த கால அவகாசம், அவ்வளவே. அந்த அவகாசத்தில் நோய் எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது வேறு.

பல்லடியில் நடப்பது

துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய பூச்சாக ஒட்டும். அதன்மேல் பக்டீரியாக்கள் குடியேறும். ஒரு நாள் இரண்டு நாளில் அது நாக்கால் தடவினால் பிசுபிசுப்பாகத் தெரியும் படலமாகிவிடும். துலக்காமல் விட்ட படலம் உமிழ்நீரின் கல்சியத்தையும் பொஸ்பேற்றையும் ஏற்று இறுகிக் கல்லாகும். தூரிகையால் எடுக்கக்கூடியது படலம் மட்டுமே. கல்லான பிறகு கருவி கொண்டுதான் எடுக்க வேண்டும்.

ஆரோக்கியமான முரசுக்கும் பல்லுக்கும் இடையில் 1 முதல் 3 மில்லிமீற்றர் ஆழமான ஓர் இடுக்கு உண்டு. படலம் அந்த விளிம்பில் தங்கும்போது உடல் வெள்ளணுக்களை அங்கே அனுப்புகிறது. இரத்த ஓட்டம் கூடுகிறது, முரசு சிவக்கிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது. வீங்கிய முரசு பல்லை விட்டு விலக, இடுக்கு ஆழமாகிப் பையாகிறது. பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும் மாதங்களில் வாவித் தண்ணீர் கடலோடு கலவாமல் தேங்கிப்போகிறதல்லவா, இந்தப் பைக்குள்ளும் அதே நிலைமைதான். உமிழ்நீர் ஓட்டம் எட்டாது, ஒட்சிசன் குறையும். ஒட்சிசன் வேண்டாத கிருமிகளுக்கு அது வாய்ப்பான இடம். போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் அவற்றில் பேர்போனது.

இனி நடப்பதுதான் விசித்திரம். எலும்பைக் கிருமிகள் நேரடியாக அரித்துத் தின்பதில்லை. கிருமிகளை எதிர்க்க உடல் அனுப்பும் இரசாயனங்களும் நொதிகளும் வேரைப் பற்றியிருக்கும் இழைகளையே வெட்டுகின்றன. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் தூண்டப்பட்டு, தாடை எலும்பு கிருமியை விட்டுப் பின்வாங்குகிறது. எதிர்ப்பு அளவோடு நின்றால் தோட்டத்தின் அந்த 11 பேரில் ஒருவர்; அடங்காமல் போனால் அந்த 8 பேரில் ஒருவர். பரம்பரை இதில் பங்கு வகிக்கிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இள வயதிலேயே பல் ஆடி விழுந்திருந்தால் பிள்ளைகள் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பெரும்பாலும் நோவில்லாமல் நடக்கும். சூத்தைப் பல் இரவில் தூங்கவிடாது. முரசு நோய் வருடக் கணக்கில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. துலக்கும்போது வரும் இரத்தம், விடாத வாய் நாற்றம், பல் நீண்டுவிட்டது போன்ற தோற்றம், முன்பு இல்லாத இடைவெளி இவைதான் அது தரும் அடையாளங்கள். இரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விடுவது பலர் செய்வது. அந்த இடத்தில்தான் படலம் இன்னும் தடிக்கும்.

வட்டாவும் சுருட்டும் சீனியும்

வாவிக்கரை வீடுகளில் வெற்றிலை வட்டா வெறும் பாத்திரம் இல்லை. கலியாண வீட்டில் அதை நீட்டுவது மரியாதை. செத்த வீட்டில் அது இரவைக் கடத்தும் துணை. இரவில் தோணியில் வலையோடு காத்திருப்பவருக்குப் பாக்கின் உறைப்பு தூக்கம் விரட்டி. வெற்றிலை பல்லை இறுக்கும் என்ற நம்பிக்கையும் பலமானது. அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் உண்டு: வெற்றிலை போடுகிறவர்களிடம் சூத்தை குறைவு என்று சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் கதை இங்கே மறுபடி நினைவில் கொள்ள வேண்டியது. சூத்தை இல்லாத வாயிலும் பற்கள் எல்லாம் விழ முடியும்.

பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற இரசாயனம், வேரைப் பற்றும் இழைகளை உண்டாக்கும் உயிரணுக்களுக்கு நஞ்சு என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. முரடான பாக்குத் துண்டும் சுண்ணாம்பும் முரசு விளிம்பை நாள்தோறும் உரசுகின்றன. கறையேறிச் சொரசொரப்பான பல்லில் படலம் இலகுவாகப் பிடிக்கிறது. முரசு ஒருபுறம் இருக்க, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைக் கலவை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் இருந்தால் பல்லைப் பற்றிக் கவலைப்படும் முன் அதைக் காட்ட வேண்டும்.

சுருட்டும் சிகரெட்டும் வேறு விதமாக ஏமாற்றுகின்றன. நிக்கொட்டீன் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் புகைப்பவரின் முரசில் இரத்தம் குறைவாகவே கசியும். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருக்க, வெளியே முரசு நல்லதாகத் தெரியும்.

மூன்றாவது சீனி வருத்தம். இலங்கையில் வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உண்டு. இரத்தச் சீனி கட்டுப்படாதபோது முரசு நோய் கடுமையாகிறது. கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய்கள் என்று நீளும் நீரிழிவுச் சிக்கல்களின் பட்டியலில் முரசு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று 1993இல் எழுதியவரும் ஹரால்ட் லோதான். எதிர்த்திசையும் உண்மை. முரசு அழற்சி நீடித்தால் சீனியைக் கட்டுப்படுத்துவது சிரமம். முரசு நோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (நீண்டகால இரத்தச் சீனி) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று 2022இல் வெளியான கொக்ரேன் திறனாய்வு காட்டியது. சின்ன எண்ணாகத் தெரியலாம். கூடுதல் மாத்திரை ஒன்று தரக்கூடிய பயனுக்கு இது தொலைவில் இல்லை. நீரிழிவு கிளினிக்குக்கு மாதாமாதம் போகிறவர் பற்சிகிச்சைப் பிரிவுக்கும் ஒரு நடை போக இதைவிடக் காரணம் வேண்டாம்.

கல் எடுத்தால் பல் ஆடுமா?

வாவிப் பக்கத்தில் பரவலாக உள்ள இன்னொரு பயம்: "பல்லுக் கிளீன் பண்ணினா மறுகா பல் ஆடும்." பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பற்களுக்கு இடையே சிமெந்து பூசியதைப் போல இறுகிய கல்லை எடுத்தபின் இடைவெளி வெளியே தெரிகிறது. நாக்கு அதை உடனே உணர்கிறது. வீக்கம் வற்றிய முரசு கீழே இறங்குகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். எலும்பு போனது கல் சேர்ந்த வருடங்களில். எடுத்த அன்று அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

சிகிச்சை படிப்படியானது. மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பையின் ஆழம் அளக்கப்படும். எலும்பின் நிலை எக்ஸ்ரேயில் தெரியும். முரசுக்கு மேலும் கீழும் உள்ள கல்லும் படலமும் அகற்றப்படும். ஆழமான இடங்களில் விறைப்பூசி போட்டு வேரின் மேற்பரப்புச் சுத்தம் செய்யப்படும். இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். பல பைகள் அதற்குள் ஆழம் குறைந்திருக்கும். லேசாக ஆடிய பற்கள் இறுகியிருக்கும். அப்போதும் 6 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் ஆழமாக நிற்கும் பைகளுக்கே சத்திரசிகிச்சை யோசிக்கப்படும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது. சிகிச்சையின் வேலை இருப்பதைக் காப்பது. அன்ரிபயோற்றிக் மாத்திரை மட்டும் வாங்கிப் போடுவதால் கல்லும் படலமும் போகாது. வீக்கம் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வரும்.

அரசு வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் இதற்குக் கட்டணம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும் எழுவான்கரையில் இருக்கின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் முன், படுவான்கரையின் அந்தப் பகுதி மக்கள் படகுப் பாதைக்குக் காத்துநிற்க வேண்டியிருந்தது. இன்று தூரம் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் கூலியை விட்டு, நோவே இல்லாத ஒரு நோய்க்காகப் புறப்படுவது எளிதான முடிவு இல்லை. சிகிச்சைக்குப் பலமுறை போக வேண்டும் என்பதால் ஒரே நடையில் முடியும் பல் கழற்றல் வென்றுவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. கர்ப்ப கால ஹோர்மோன் மாற்றத்தால் முரசு இலகுவில் வீங்கும். தாய்-சேய் கிளினிக்கில் பல் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அந்த நடையைத் தவறவிடக் கூடாது.

துலக்குவதும் அதன் விளிம்பும்

பல் துலக்கும் பெரும்பாலானோர் பல்லைத்தான் துலக்குகிறார்கள்; நோய் இருப்பது பல்லும் முரசும் சந்திக்கும் கோட்டில். மென்மையான தூரிகையை அந்தக் கோட்டில் சாய்வாக வைத்து, மெல்ல அசைத்து, ஒவ்வொரு பல்லாக நகர வேண்டும். காலையிலும் இரவிலும், இரண்டு நிமிடம். இரு பல்லுக்கு இடைப்பட்ட இடத்தைத் தூரிகை எட்டாது. அங்கே நூலோ, இடைவெளிக்கான சின்னத் தூரிகையோ வேண்டும். உமிக்கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்க்கும், முரசைக் காயப்படுத்தும். காத்தான்குடியில் பலர் பாவிக்கும் மிஸ்வாக் குச்சி சரியாகப் பாவித்தால் படலத்தை எடுக்கும். உட்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் அது எட்டுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும்.

இது உண்மையில் பற்களைக் காக்குமா? சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1972இல் பெர் அக்செல்சனும் யான் லிண்டேயும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு குழுவுக்குத் துலக்கப் பயிற்சியும், சில மாதத்துக்கு ஒருமுறை தொழில்முறைச் சுத்தமும். ஒப்பிடுவதற்கு வைத்த மற்றக் குழுவுக்கு வழக்கமான பல் வைத்தியம் மட்டும். 6 ஆண்டில் இரண்டாவது குழுவின் முரசும் பற்களும் மோசமாகிக்கொண்டு போனது தெரிந்தது; அந்தக் குழு அத்தோடு நிறுத்தப்பட்டது. முதற்குழுவில் தொடங்கிய 375 பேரில் 257 பேர் 30 ஆண்டு தொடர்ந்தார்கள். அந்த முப்பது வருடத்தில் அவர்கள் இழந்தது சராசரியாக ஆளுக்கு இரண்டு பல்லுக்கும் குறைவு.

யாருடைய வாயிலிருந்து வந்த அறிவு

கார்ல்ஸ்டாட்டின் இரண்டாவது குழுவில் 6 ஆண்டில் போதும் என்று நின்ற பார்வை, டன்சினனிலும் ஹரோவிலும் 15 ஆண்டு தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்கு இருந்த சிகிச்சையை ஆய்வாளர்கள் பறித்தார்கள் என்று சொல்ல முடியாது. பறிப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. ஆனால் எதுவும் இல்லாமை ஆய்வுக்கு வசதியாக அமைந்தது என்பதும் உண்மை. நோய் தன் போக்கில் போவதைப் பார்ப்பதே நோக்கமாக இருந்தது. இன்று எந்த ஆய்வு நெறிக் குழுவும் அப்படியொரு திட்டத்தைக் கேள்வி கேட்காமல் விடாது. உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான முரசு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது. அவர்களுக்குச் செய்யப்படும் வைத்தியத்தின் அடித்தளத்தில் அந்த 480 பேரின் பற்கள் இருக்கின்றன.

2010இல் ஆய்வாளர்கள் மறுபடி தோட்டங்களுக்கு வந்தபோது அவர்களில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. பேர்ண் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃப் ராம்சையரும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட முடிவு, நமக்கு நேரடியாகப் பயன்படும் ஓர் எண்ணைத் தந்தது. 30 வயதில் சராசரிப் பற்றிழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தவர்களுக்கு 60 வயதில் குறைந்தது 20 பற்கள் எஞ்சியிருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. சோற்றையும் மீனையும் வசதியாக மென்று தின்ன அவ்வளவு போதும்.

அறுபதில் பல் இருக்குமா என்பது முப்பதிலேயே பெருமளவு தெரிந்துவிடுகிறது. நூறில் எண்பத்தொருவருக்கு இந்த நோய் மெல்ல நகரும் நோய். தடுத்து நிறுத்த வருடங்கள் கிடைக்கின்றன. தான் அந்த எட்டுப் பேரில் ஒருவரா, அந்தப் பதினொருவரில் ஒருவரா என்பதைக் கண்ணாடி பார்த்து யாரும் அறிய முடியாது, அளந்தால்தான் தெரியும். ஆகவே முப்பதை எட்டியவர், சீனி உள்ளவர், வெற்றிலையோ சுருட்டோ விடாதவர், துலக்கும்போது இரத்தம் காண்பவர் பல் நோகும் வரை காத்திருக்க வேண்டாம். பல் வைத்தியரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "பல்லுக் கழட்ட வரல்ல டொக்டர், என்ட முரசு எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு அளந்து சொல்லுங்க."